குளக்கட்டில் படித்த சீன இலக்கணம்

நான் சீனம் படிக்கத் தொடங்கியது அறிவு வளர்க்கும் ஆசையில் அல்ல. கோபத்தில்.

இலுப்பைக்கடவையில் கடற்கரைப் பக்கமாக எங்களுக்கு ஒரு வாடி இருந்தது. பெரிதாக நினைக்க வேண்டாம். எட்டுக் கம்பு, மேலே தகரம், கீழே மணல், மூன்று கல்லடுப்பு, இரண்டு பெரிய கிடாரம். ஏழு பெண்கள் சேர்ந்து போட்டது. ஆண்கள் சுழியோடிப் பிடித்து வரும் கடலட்டையை அங்கே வைத்துக் குடலெடுத்து, அவித்து, ஒருநாள் மணலில் புதைத்து, மேல்தோலில் இருக்கும் சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவி, திரும்பவும் அவித்து, வெயிலில் காயவைப்போம். காய்ந்து முடிந்ததும் விரல் நீளத்துக்குச் சுருங்கி விறகுத் துண்டு போலக் கிடக்கும். சீனாவில் கல்யாண விருந்துக்கு வைப்பார்களாம். எங்களூரில் அதை ஒருவரும் வாயில் வைத்தது கிடையாது. நாயும் மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு நாங்கள் செய்யாத வேலை இல்லை. கல்லுடைத்தோம். றோட்டோரத்தில் சாக்கு விரித்துக் கருவாடு போட்டோம். பஸ் போகிற போதெல்லாம் புழுதி வந்து கருவாட்டில் படியும். உதவி செய்ய வந்தவர்கள் எங்களுக்குக் கோழி கொடுத்தார்கள், தையல் மெஷின் கொடுத்தார்கள், கொடுத்ததைப் படமெடுத்துக் கொண்டு போனார்கள். கோழி செத்தது. தையல் மெஷினுக்கு ஊசி கிடைக்கவில்லை. இந்த வாடி ஒன்றுதான் நாங்களாக யோசித்து, நாங்களாகக் கம்பு நட்டு, நாங்களாக நிமிர்த்தியது. அதனால் அதில் யாரும் கைவைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். சாதாரணமாகவே எனக்குக் கோபம் வரும். இதற்கு இன்னும் கூட.

வாங்குகிறவர்களின் வான் மாதத்தில் ஒருநாள் வரும். ஒரு சீனத்துப் பெண் இறங்குவா. என் வயதுதான் இருக்கும். தலையில் தொப்பி, காலில் ரப்பர் சப்பாத்து. சிரிக்கமாட்டா. கூடவே கொழும்பிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் வருவார். முப்பது வயதிருக்கும், மெலிந்த, நல்ல மரியாதையான தமிழ் ஆள். எங்கேயோ இரண்டு வருடம் சீனம் படித்தவராம். அந்தப் பெண் அட்டையை எடுத்துப் பார்ப்பா, மணப்பா, முறிப்பா, தலையாட்டுவா, பிறகு அவரைப் பார்த்து நீளமாக ஏதோ சொல்லுவா. அவர் எங்கள் பக்கம் திரும்பி, "தரம் கொஞ்சம் குறைவாம் அக்கா" என்பார்.

இரண்டாவது முறையும் இப்படி நடந்தபோது நான் கேட்டேன்.

"தம்பி, அவ ஒரு பிரசங்கமே வைச்சவ. நீர் நாலு சொல்லில முடிச்சிட்டீர். மிச்சம் எங்கை?"

"சீன பாஷை அப்படித்தான் அக்கா. கொஞ்சம் நீளம்."

"தரம் குறைவெண்டால் என்ன குறைவு? நிறமா, நீளமா, மணமா?"

"எல்லாம் சேர்த்துத்தான் அக்கா."

எல்லாம் சேர்த்துக் குறைவு என்றால் எதை நான் திருத்துவது? அவித்த நேரம் காணாதோ என்று இன்னும் கொஞ்சம் அவித்தோம். கழுவியது காணாதோ என்று கைத்தோல் உரியத் தேய்த்தோம். காயப்போட முன்னம் போடுகிற ஒரு கை உப்பை நான் இரண்டு கையாக்கினேன். கருவாடு போட்டு வளர்ந்த எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

மூன்றாவது முறை அந்தப் பெண் முறித்துப் பார்த்துவிட்டு அட்டையைத் திரும்பத் தட்டில் எறிந்தா. எறிந்தது எனக்குப் பிடிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"இன்னும் மூன்று மாதம் பார்ப்பாங்களாம் அக்கா. அதுக்குப் பிறகும் இப்படியே இருந்தா, அவிக்காத அட்டையை நேரா எடுத்துட்டுப் போய் பூநகரிக்கு அங்கால அவங்க கொட்டில்லயே அவிப்பாங்களாம்."

"அப்ப நாங்கள்?"

அவர் வானில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

வான் போன பிறகு ஏழு பேரும் கிடாரத்தைச் சுற்றி நின்றோம். எனக்கு எதிர்வீட்டில் இருக்கிறவளும் அந்த ஏழு பேரில் ஒருத்தி. என்னைவிட எட்டு வயது குறைவு, என்னைவிட வாய் கூட. அவள்தான் முதலில் கதைத்தாள்.

"அக்கா, அந்தப் பொடியன் எதையோ விழுங்குறான்."

"எனக்குத் தெரியும்."

"நீங்கள் அந்த மனுசியோடை நேரை கதைக்கவேணும்."

"என்ன பாஷையில கதைக்கிறது? மீன் பாஷையிலயா?"

"சீனத்தில கதையுங்கோ. சண்டை பிடிக்கிறதெண்டால் நீங்கள் எந்தப் பாஷையையும் படிச்சுப் போடுவியள்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். நான் வீட்டுக்குப் போய் போனை எடுத்து அதன் வாய்க்கு நேரே, "தமிழில சீனம் படிக்கவேணும்" என்று சத்தமாகச் சொன்னேன். நண்டு வலை பின்னிக்கொண்டிருந்த என் மனுசன் திடுக்கிட்டு, "ஆரோடை சண்டை?" என்று கேட்டார்.

போன் ஒரு ரீச்சரைக் காட்டியது. மலேசியாவில் இருக்கிற தமிழ்ப்பிள்ளை. சீனப் பள்ளிக்கூடத்தில் படித்ததாம். முதலில் அது பதிந்து வைத்திருந்த பாடங்களைப் பார்த்தேன். பிறகு கிழமைக்கு இரண்டு நாள், பின்னேரம் நான்கு மணிக்கு, நேரடி வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான் வரும். குளக்கட்டில் ஏறினால் மூன்று கோடு வரும். அதனால் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றையும் எழுதுகிற கொப்பியையும் தூக்கிக்கொண்டு குளக்கட்டில் போய் இருந்து படித்தேன். முன்னால் தண்ணீர், பின்னால் வயல், பக்கத்தில் எருமை.

வகுப்பில் ஒன்பது பேர். சென்னையில் கம்பியூட்டர் வேலை செய்கிற ஒரு தம்பி, துபாயில் ஒரு கடைக்காரர், பினாங்கில் கல்யாணம் கட்டிப் போன ஒரு பெண், இப்படி. எல்லாருக்கும் பின்னால் வெள்ளைச் சுவர். எனக்குப் பின்னால் எருமை.

"அக்கா, பின்னாடி என்னவோ நகருது" என்றார் சென்னைத் தம்பி.

"அது படிக்க வரேல்லை. நீங்கள் உங்கடை பாடத்தைப் பாருங்கோ."

முதல் நாளே ஒரு விசயம் பிடித்துப் போனது. சீனத்தில் வினைச்சொல் வளையாது. போனேன், போகிறேன், போவேன், போனாள், போனார்கள் என்று எங்களுடையது போல வாலை ஆட்டிக்கொண்டு திரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே 'ச்சூ' தான். நேற்று நான் போ. இன்று நான் போ. நாளைக்கு நான் போ. காலத்தை ஒருமுறை முன்னால் சொல்லிவிட்டால் போதும், பிறகு வினைச்சொல்லைப் போட்டுத் திருக வேண்டியதில்லை. நான் வாழ்க்கை முழுக்க "நீ வெட்டொன்று துண்டிரண்டாகக் கதைக்கிறாய்" என்று பேச்சு வாங்கினவள். எனக்கென்றே ஒருவர் இருந்து இந்த இலக்கணத்தைச் செய்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்தது இன்னும் நல்லது. முன்னால் நிற்கிற ஆளுக்கு அவர்கள் சொல்லுவதும் 'நீ' தான். இதை வாடியில் போய்ச் சொன்னேன்.

எதிர்வீட்டுக்காரி அட்டை தேய்த்த கையோடு எழும்பி நின்றாள். "அந்தப் பெரிய மனுசியை நீ எண்டு கூப்பிடலாமோ?"

"ஓம். நீ ஹாவ் எண்டால் வணக்கம்."

"நீங்கள் எண்டு சொல்ல ஒண்டும் இல்லையோ?"

"மரியாதைக்கு நின் எண்டு ஒண்டு இருக்காம்."

"அது உங்களுக்குத் தேவைப்படாது" என்றாள்.

ஆனால் எல்லாம் இப்படி இலேசாகப் போகவில்லை. வினைச்சொல்லை நடுவில் வைக்கிற பழக்கம் எனக்கு வரவே இல்லை. நாங்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, கடைசியில் வினைச்சொல்லை வைத்து வாசல் சாத்துகிறவர்கள். அவர்கள் நடுவீட்டிலேயே சாத்துகிறார்கள். 'நான் மீன் சாப்பிடு' என்று நான் சொல்லுவேன். "நான் சாப்பிடு மீன், அக்கா" என்று ரீச்சர் திருத்தும். பத்துத்தரம் திருத்தியது. பதினோராவது தரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பிள்ளை, மீனை முதல் காட்டாமல் என்னெண்டு சாப்பிடுறது?"

"சீனாக்காரங்க முதல்ல வாயத் திறப்பாங்க அக்கா, அப்புறந்தான் மீன் வரும். பரவால்ல லா, மறுபடி சொல்லுங்க."

அந்தப் பிள்ளைக்குப் பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. நான் அதன் இடத்தில் இருந்திருந்தால் போனைத் தூக்கிக் குளத்தில் எறிந்திருப்பேன்.

எண்ணுகிற பாடத்தில் வகுப்பே குழம்பியது. சீனத்தில் மூன்று மீன் என்று சும்மா சொல்ல முடியாது. எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு சொல் வர வேண்டும். மீன், கயிறு, றோட்டு போல நீளமானதற்கு ஒன்று. கடதாசி, பாய் போலத் தட்டையானதற்கு வேறொன்று. சென்னைத் தம்பி, "இது எதுக்குங்க, லாஜிக்கே இல்லையே" என்று சண்டைக்குப் போனார். எனக்கு அது புதுமையாகத் தெரியவில்லை. நாங்களும் ஆட்களை எண்ணும்போது மூன்று பேர் என்றுதானே சொல்லுகிறோம்? மூன்று மனிசர் என்றா சொல்லுகிறோம்? அவர்கள் கொஞ்சம் கூடக் கவனம் எடுத்து மீனுக்கும் கயிற்றுக்கும் அதைச் செய்கிறார்கள். நான் இதைச் சொன்னதும் ரீச்சர் கைதட்டியது. இனி மற்ற வகுப்புகளிலும் இந்த உதாரணத்தைச் சொல்லப்போவதாகச் சொன்னது. எனக்கு ஆங்கிலத்தில் எட்டாம் வகுப்பில் நூற்றுக்கு ஒன்பது புள்ளி. அந்த ஆங்கில வாத்தியார் இதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

'நான் வாங்கின மீன்' என்பதும் அப்படித்தான். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு அது தலைகீழாம். எங்களுக்கு நேர். வோ மாய் த யூ. நான், வாங்கு, ஒரு ஒட்டு, மீன். அதே வரிசை. அன்றைக்கு எருமைக்கும் சேர்த்து நான் பாடம் சொல்லிக் கொடுத்தேன்.

இடங்களைச் சொல்லுகிற பாடம் ஒருநாள் வந்தது. முன்பு எங்கே இருந்தீர்கள், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். துபாய்க்காரர் இரண்டு ஊர் சொன்னார். பினாங்குப் பெண் இரண்டு ஊர் சொன்னாள். என் முறை வந்தது. முன்பு நான் மடுவில் இரு. முன்பு நான் மல்லாவியில் இரு. முன்பு நான் கிளிநொச்சியில் இரு. முன்பு நான் புதுக்குடியிருப்பில் இரு. முன்பு நான் கடற்கரையில் பங்கருக்குள் இரு. முன்பு நான் முகாமில் இரு. இப்போது நான் இங்கே இரு. பங்கருக்குச் சீனச் சொல் தெரியாததால் பங்கர் என்றே சொன்னேன்.

"அடிக்கடி டிரான்ஸ்ஃபர் ஆகிற வேலையாக்கா?" என்று சென்னைத் தம்பி கேட்டார். பாவம், தெரியாமல்தான் கேட்டார்.

"ஓம் தம்பி. இடமாற்றக் கடிதம் மட்டும் தரமாட்டாங்கள். குண்டுதான் வரும்."

எல்லாரும் திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்காது.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள்? ஏழு வசனம் சொன்னனான். எத்தினை சரி?"

"ஏழும் சரி அக்கா" என்றது அந்தப் பிள்ளை.

மூன்று மாதத்தில் எனக்கு நூற்றைம்பது சொல்லளவில் வந்தது. அதில் பாதி வாயில் வரும், மிச்சம் கொப்பியில் இருக்கும். சத்தத்தை ஏற்றி இறக்குவதுதான் பெரிய பாடு. வாங்கு என்பதும் விற்பனை செய் என்பதும் ஒரே 'மாய்'தான், ஏற்ற இறக்கம்தான் வேறு. நான் சொன்னால் இரண்டும் திட்டுவது போலவே கேட்கும் என்று மனுசன் சொன்னார். ஆனால் எனக்குக் கதை பேச வேண்டியதில்லை. கேட்க வேண்டியது ஒரேயொரு கேள்விதான். ஏன் நல்லா இல்லை? வெய் ஷென்ம பு ஹாவ்? அதைக் குளிக்கும்போதும் சொன்னேன், அட்டை தேய்க்கும்போதும் சொன்னேன். கடைசியில் ஏழு பெண்களுக்கும் அது பாடமாகிவிட்டது. கறியில் புளி கூடினால்கூட எதிர்வீட்டுக்காரி, "வெய் ஷென்ம பு ஹாவ்" என்று கேட்பாள்.

ஐப்பசி மாதம் தொடங்கி வானம் அங்கங்கே கறுத்துக்கொண்டிருந்த ஒரு நாள் வான் வந்தது. கடைசித் தவணை. நடுவில் இரண்டுமுறை வந்தபோதும் அதே 'தரம் குறைவு'தான், என் கேள்விதான் அப்போது இன்னும் வாயில் வரவில்லை. நாங்கள் தட்டுகளைத் துடைத்து, அட்டையை அளவு பிரித்து அடுக்கி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு நின்றோம். யாருடைய கையும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தி சேலை முந்தானையைத் திருகினாள், ஒருத்தி தட்டில் மொய்க்காத இலையானை விரட்டினாள்.

அந்தப் பெண் வந்து ஒன்றை எடுத்தா. முறித்தா. முகம் அப்படியே இறுகியது. மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தா. நான் நடுவில் போய் நின்றேன்.

"நீ ஹாவ். வெய் ஷென்ம பு ஹாவ்?"

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் ஓரடி பின்னால் போனார். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தா. பிறகு மடமடவென்று கொட்டினா. எனக்கு ஒன்றுகூடப் பிடிபடவில்லை. போனில் ரீச்சர் சொல்லுவது நடக்கிற மாட்டுவண்டில் என்றால் இது ஓடுகிற றெயில். ஆனால் அதற்கும் ஒரு வசனம் வைத்திருந்தேன்.

"மான் மான் ஷுவோ." மெல்ல மெல்லச் சொல்லு.

அவ நிறுத்தினா. முதல்முறையாக அந்த முகத்தில் ஏதோ அசைந்தது. முறித்த அட்டையை என் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து காட்டினா. உள்ளே வெள்ளையாகக் குருணி மின்னியது. பிறகு அவ அதை நாக்கில் வைத்து நக்கினா. எங்கள் ஏழு பேரிலும் யாரோ "ஐயோ" என்றாள். மற்றப் பாதியை எனக்கு நீட்டினா.

நான் இத்தனை நாளில் ஆயிரக்கணக்கில் அட்டை அவித்திருப்பேன். ஒன்றையாவது நக்கிப் பார்த்ததில்லை. பின்னால் எதிர்வீட்டுக்காரி, "அக்கா, வேண்டாம், வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுப்பியள்" என்றாள். நான் நாக்கில் வைத்தேன்.

உப்பு. வெறும் உப்பு. கடலைக் குடித்தது போல இருந்தது.

"யென்" என்றா அந்தப் பெண். உப்பு. அடுப்படிப் பாடத்தில் படித்த சொல்தான். பிறகு தராசில் வைப்பது போல ஒரு கையைக் கீழே இறக்கிக் காட்டினா. எங்களைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டா. எனக்கு அதை விளங்க எந்த இலக்கணமும் தேவைப்படவில்லை. பாரம் ஏறுவதற்காக நாங்கள் உப்பைப் போட்டு ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறா. முதல் நாளிலிருந்து.

எனக்குக் காது சுட்டது. மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பினேன்.

"தம்பி, இதை முதலே சொன்னவவோ?"

"சொன்னாங்க அக்கா."

"எத்தினை தரம்?"

"ஒவ்வொரு தரமும்."

"அப்ப ஏன் நீர் சொல்லேல்லை?"

அவர் பாவமாக நின்றார். "உங்க எல்லாருக்கும் எங்கம்மா வயசு அக்கா. எங்கம்மா வயசு ஆளுங்ககிட்ட நீங்க களவு செய்றீங்கன்னு எப்படி சொல்றது? அதுவும் உங்ககிட்ட. எனக்கு பயமா இருந்துச்சு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரென்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். யாரைக் கத்துவது? அந்த மனுசி பொய் சொல்லவில்லை. அந்தத் தம்பி மரியாதை பார்த்தான். பயந்தான், பயமுறுத்தினது நான். உப்பைப் போட்டது யார்? ஒரு கையை இரண்டு கையாக்கினது யார்? கருவாட்டுக்கு உப்புத்தான் உயிர். உப்புக் குறைந்தால் புழுப் பிடிக்கும். அந்தப் பழக்கத்தில், இதற்கும் அதுதான் வேண்டும் என்று ஒருவரையும் கேட்காமல் நானாக முடிவெடுத்தேன். இரண்டு பெண்கள் அப்போதே, "இவ்வளவு உப்பு வேணுமோ?" என்று கேட்டார்கள். நான் அவர்களை வாயைப் பொத்தச் சொன்னேன்.

நான் பிழை ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. தமிழில் எனக்கு அது வராது. தமிழில் சொன்னால் நானே நடுவில் ஏதாவது காரணம் செருகி, கடைசியில் முன்னால் நிற்கிறவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி முடித்துவிடுவேன். சீனத்தில் செருக என்னிடம் சொல் இல்லை. இருந்ததைச் சொன்னேன். நெஞ்சைத் தொட்டு, நான் போட்டது. மற்றவர்களைக் காட்டி, இவர்கள் இல்லை. எனக்குத் தெரியாது. மூன்று வசனம். மூன்றும் சிறியது.

களவு செய்யவில்லை என்று சொல்லவும் ஆசையாக இருந்தது. அந்தச் சொல்லை ரீச்சர் படிப்பிக்கவில்லை. அதனால் வாடிக்குள் போய் எங்கள் வீட்டுத் தேவைக்குத் தொங்கவிட்டிருந்த கட்டாக் கருவாட்டை எடுத்துவந்து அவவின் கையில் கொடுத்தேன். நக்கச் சொல்லி வாயைக் காட்டினேன். அவ நக்கினா. கண்ணைச் சுருக்கினா. அட்டையைப் பார்த்தா, கருவாட்டைப் பார்த்தா, தகரத்துக்குக் கீழே அடுக்கியிருந்த உப்பு மூட்டையைப் பார்த்தா. பிறகு, கடவுளே, அந்த மனுசி சிரித்தா. முன்பல் இரண்டுக்கும் நடுவில் எனக்கு இருப்பது போலவே ஓர் இடைவெளி.

சிரித்துவிட்டு ஏதோ சொன்னா. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்க, நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன்.

"முழுக்கச் சொல்லும். ஒண்டையும் விழுங்காதையும்."

"முழுசா சொல்றேன் அக்கா. அவங்க பாட்டி வீட்டுலயும் கருவாடு போடுவாங்களாம். அங்கயும் இப்படித்தான் உப்புப் போடுவாங்களாம். ஆனா அட்டைக்கு உப்புப் போட்டா மழை நாள்ல தண்ணி இழுத்துப் பழுதாப் போகுமாம். பத்து நாள்ல திரும்ப வருவாங்களாம். உப்பில்லாம ஒரு தட்டு செஞ்சு காட்டணுமாம். அது சரியில்லைன்னா கொட்டிலுக்கே கொண்டு போயிடுவாங்களாம். அப்புறம்..."

"அப்புறம்?"

"நீங்க பேசினது சண்டை மாதிரி இருந்துச்சாம். ஆனா இலக்கணம் சரியாம்."

கருவாட்டையும் அவ திருப்பித் தரவில்லை. கடதாசியில் சுற்றிக் கொண்டு போனா.

அந்தப் பத்து நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவித்தோம், புதைத்தோம், தேய்த்தோம், திரும்ப அவித்தோம். தட்டில் பரப்பியதும் என் வலது கை தன்பாட்டில் உப்புப் பக்கம் போகும். நாற்பது வருடப் பழக்கம், கைக்கு மூளை தேவையில்லை. எதிர்வீட்டுக்காரி உப்பு மூட்டைக்கு மேலே ஏறி இருந்துவிட்டாள்.

"எழும்படி. வேலை கிடக்கு."

"நான் இறங்கினால் நீங்கள் போடுவியள். நான் இதிலை இருந்தே தேய்க்கிறன், தட்டை இஞ்சாலை தள்ளுங்கோ."

மூன்றாம் நாள் தூறல் போட்டது. தட்டுகளைத் தூக்கி உள்ளே வைத்தோம். உப்பில்லாமல் ஈரம் பட்டால் ஒரே நாளில் ஊசிவிடும் என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. நான்காம் நாளும் வெயில் இல்லை. அடுப்பின் தணலை வாரித் தட்டுக்குக் கீழே சட்டியில் வைத்து, ஏழு பேரும் முறை வைத்து ஓலைப்பெட்டியால் விசிறினோம். வகுப்பு நேரத்தில் போனைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு விசிறிக்கொண்டே பாடம் கேட்டேன். வாடியில் ஒரு கோடு சிக்னல்தான். ரீச்சர் பாதி வசனத்தில் உறைந்து போய் வாயைத் திறந்தபடி நிற்கும். "அக்கா, இன்னைக்கு எருமையைக் காணோமே" என்று சென்னைத் தம்பி கேட்டார். "அதுக்கு லீவு" என்றேன். ஐந்தாம் நாள் வெயில் வந்தது. அதற்குப் பிறகு நல்ல வெயில்.

பத்தாம் நாள் காலையில் வான் வந்தது. இந்தமுறை பின்னால் ஒரு சின்ன லொறியும் வந்தது. காய்ந்த அட்டையை ஏற்றவா, அவிக்காத அட்டையைக் கொட்டிலுக்கு ஏற்றவா என்று தெரியவில்லை. அந்தப் பெண் நேரே தட்டுக்குப் போனா. ஒன்றை எடுத்து இன்னொன்றில் தட்டினா. டக்கென்று மரம் போலச் சத்தம் கேட்டது. முறித்தா. மணந்தா. நக்கினா. இன்னொன்றை எடுத்தா. அதையும் நக்கினா. மூன்றாவதை என்னிடம் நீட்டினா. நானும் நக்கினேன். மண்ணும் இல்லை, உப்பும் இல்லை. சொல்லப்போனால் ஒரு ருசியும் இல்லை. இதைத் தின்னவா கல்யாண வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்க நினைத்தேன், சொல் வரவில்லை.

அவ தலையாட்டினா. இந்தமுறை மேலும் கீழுமாக. லொறிக்காரர்களைக் கூப்பிட்டு, நாங்கள் உப்பில்லாமல் காயவைத்துக் கட்டியிருந்த மூட்டைகளைக் காட்டினா. பிறகு என்னைப் பார்த்து, மெல்ல மெல்ல, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா. முதல் பாதி ஓடிப்போனது. கடைசிப் பாதி நின்றது. ஷியா க யுவே. வோ லாய். அடுத்த மாதம். நான் வா.

அன்று மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி அவருக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். சீனி போட்டுவிட்டு, "உப்பில்லை தம்பி, பயப்பிடாமல் குடியுங்கோ" என்றாள்.

வண்டிகள் திரும்பியதும் ஆறு பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன சொன்னவ? சொல்லுங்கோவனக்கா!"

"அடுத்த மாதம் வாறாவாம்."

"வேறை?"

"வேறை என்ன வேணும் உங்களுக்கு? கொட்டிலும் இல்லை, ஒண்டும் இல்லை. இஞ்சைதான் வேலை."

ஒருத்தி அழத் தொடங்கினாள். அழுகிறவளைப் பார்த்து இன்னொருத்தி சிரித்தாள். நான் இரண்டு பேரையும் அதட்டினேன். விடிய வந்த அட்டை வாளியில் குடலெடுக்காமல் கிடந்தது, வெயில் ஏறினால் நாறிவிடும். கத்திகளை எடுத்துக் கொடுத்துவிட்டு நான் கிடாரத்தை அடுப்பில் ஏற்றினேன்.